எடை ஏறாத குழந்தையும் நம் பொறுப்பும்



செஞ்சியில் வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு கூட்டங்கள் கூடும். விடியற்காலையில் ஆட்டுச் சந்தை, நண்பகலில் ஜும்ஆ. ஆட்டைத் தூக்கிப் பார்த்தே இத்தனை கிலோ தேறும் என்று கூறுகிற கைகள் நம்மவர்களிடம் உண்டு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைக்கு ஒரு கிலோ குறைந்தால் நாம் வாய்மூடி நிற்பதில்லை. ஆனால், வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் பச்சிளங்குழந்தை சென்ற மாதம் எத்தனை கிராம் கூடியது என்று கேட்டால், நம்மில் எத்தனை தந்தையரால் பதில் கூற முடியும்? "கொஞ்சம் மெலிவுதான், இன்ஷா அல்லாஹ் தேறிவிடும்" என்று கூறிக் கடந்துவிடுகிறோம். குழந்தை என்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் எடையை அறிந்திருப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதில் அடங்கும்.

பிறக்கும்போது இரண்டரை கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அதனை எடை குறைந்த குழந்தை என்கிறது மருத்துவம். எந்தக் குழந்தையும் பிறந்த முதல் சில நாட்களில் சிறிது எடை இழக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை கூடும். பெரும்பாலான குழந்தைகள் ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடையைப் போல் இரு மடங்கும், ஓராண்டில் மும்மடங்கும் அடைகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒல்லியாக இருப்பது வேறு, வளர்ச்சி நின்றுபோவது வேறு. சிறிய உடல்வாகு கொண்ட பெற்றோரின் குழந்தை சிறியதாகவே இருந்தும், மாதந்தோறும் சீராக எடை ஏறிக்கொண்டிருந்தால் அது நலமான குழந்தைதான். பார்க்கக் கொழுகொழுவென்றிருக்கும் குழந்தை இரண்டு மாதமாக எடை ஏறாமல் இருந்தால், கவலைக்குரியது அதுவே. இந்த உண்மையை அடித்தளமாக வைத்து, உலக வங்கியின் உதவியுடன் 1980ஆம் ஆண்டு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு 90 நாட்கள் கூடுதல் உணவு கொடுத்தார்கள், தேறியதும் நிறுத்தினார்கள். ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அள்ளிக் கொடுப்பதை விட, எடைக்கோடு தடுமாறும் குழந்தையைக் கண்டுபிடித்துக் கொடுப்பது என்ற அந்த முறை பின்னர் வெளிநாட்டு வல்லுநர்களாலும் எடுத்துப் பேசப்பட்டது. இன்றும் அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள். அட்டையிலுள்ள கோடு மேல்நோக்கிச் செல்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்காதீர்கள்.

எடை ஏறவில்லை என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் சொல் என்ன? "தாய்க்குப் பால் போதவில்லை." நன்னி ஒன்று கூற, மாமியார் ஒன்று கூற, அந்த இளம் தாய் தலைகுனிந்து அழுதுகொண்டிருப்பாள். அன்றே பால்பவுடர் டின் வீட்டுக்குள் நுழையும். டின் விலை அதிகம் என்பதால் மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டுக் கரைப்பார்கள். குழந்தை வயிறு நிறையத் தண்ணீரைக் குடித்துவிட்டு உறங்கும். எடை மட்டும் ஏறாது. புட்டி சரியாகக் கழுவப்படாவிட்டால் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். குழந்தைப் பால்பவுடரை மக்களிடையே விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நம் நாடு தடை செய்திருப்பது வீணுக்கல்ல. மருத்துவரே பால்பவுடர் கொடுக்கச் சொன்னால் அதைக் கொடுப்பதில் குற்றமில்லை. டின்னில் எழுதியுள்ள அளவில் கை வைக்காதீர்கள்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். இரவு உட்பட நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுமையாகக் குடித்து முடித்த பிறகே மறுபக்கம் மாற்றுக. பின்னால் சுரக்கும் பாலில்தான் கொழுப்பு மிகுதி. காம்பை மட்டுமன்றி அதைச் சுற்றிய கருமையான பகுதியையும் சேர்த்துக் குழந்தை கவ்வ வேண்டும்; பல வீடுகளில் குறை இதில்தான் இருக்கிறது. முதல் வாரம் கடந்தபின் நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் பால் சேர்கிறது என்று பொருள். உறிஞ்ச வலுவில்லாத குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டுக. நம் பாட்டிமார்களின் அந்தப் பாலாடை, இன்று அதே பெயரில் உலக மருத்துவ ஏடுகளில் இடம் பெற்றிருக்கிறது!

திருக்குர்ஆனின் 2:233 வசனத்தை நாம் பாலூட்டும் இரண்டாண்டுக் கணக்கிற்காக மட்டுமே எடுத்துக் கூறுகிறோம். பாலூட்டும் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையே பொறுப்பாளி என்பதும், பால்குடி மறக்கச் செய்வதை இருவரும் கலந்தாலோசித்து முடிவு செய்ய வேண்டும் என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கின்றன. எல்லோரும் உண்டபின் எஞ்சியதைத் தாய் உண்கிற வீட்டில், குழந்தையின் எடையைப் பற்றிப் பேச ஆண்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? ரமளானிலும், தனக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சும் தாய்க்கு நோன்பை விடச் சலுகை உண்டு; களா, ஃபித்யா பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேனைப் பற்றியும் கூறியாக வேண்டும். தேனில் நிவாரணம் இருப்பதாக 16:69 வசனம் கூறுகிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், ஆனால், எல்லா மருந்தும் எல்லா வயதுக்கும் உரியதன்று. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் முதிராத குடலில் பெருகி நஞ்சை உண்டாக்கிவிடும். நபி (ஸல்) அவர்கள் தஹ்னீக் செய்தது பேரீச்சம்பழத்தால் என்பதை நினைவில் கொள்க.

மிகச் சிறியதாகப் பிறந்த குழந்தைக்கு எளிய சிகிச்சை ஒன்றுண்டு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தவித்த மருத்துவர்கள், குழந்தையைத் தாயின் வெறும் மார்பின்மீது நிமிர்த்தி அணைத்து வைக்கச் செய்தார்கள். கங்காரு முறை என்று அதற்குப் பெயர். உடலில் சூடு காக்கப்படுவதால் குளிரை எதிர்க்கச் செலவாகும் சத்து எடையாகச் சேர்கிறது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்று 2021இல் வெளிவந்த ஐந்து நாட்டு ஆய்வில், பிறந்த உடனேயே இம்முறையைத் தொடங்கியதால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தந்தையும் இவ்வாறு அணைத்து வைத்திருக்கலாம், வெட்கப்பட ஏதுமில்லை.

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலுடன் உணவு தொடங்க வேண்டும். நீர்த்த கஞ்சி வேண்டாம். நோன்புக் கஞ்சி நமக்கு இதமானது; சிறு வயிற்றுக் குழந்தைக்கோ கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத அளவுக்குக் கெட்டியான உணவே எடை தரும். குழைத்த சோறும் பருப்பும், அதில் ஒரு தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய், முட்டை, முள் நீக்கிய மீன், நன்றாகப் பொடித்த மல்லாட்டை, அங்கன்வாடி சத்துமாவு ஆகியவை போதும். இரண்டு மூன்று வேளையில் தொடங்கி, ஒன்பதாம் மாதத்தில் நான்கு வேளை வரை கூட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எடை ஏறவில்லையெனில் உள்ளே நோய் இருக்கலாம். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்துக் களைத்துப் போனால் இதயக் கோளாறாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, காசநோய், தைராய்டு குறைபாடு போன்றவையும் எடையைத் தடுக்கும். தாயத்துக் கட்டிக் காத்திருக்காதீர்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, துவண்டு கிடந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, அந்நேரமே செஞ்சி அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள், 108 இலவசம். புறப்படும்போது எடை அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்க.