வெயில் ஊரில் பனிக்கட்டி

2021 டிசம்பரில் கிம்புலாப்பிட்டியவில் செஸ்னா 172 ஒன்று அவசரமாக இறங்கியதை நினைவூட்டி, “எஞ்சின் நின்றால் சின்ன விமானம் கல்லுப்போல விழுமோ?” என்று கரவெட்டி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தச் சம்பவத்தின் காரணத்துக்குள் நான் போகவில்லை. கேள்விக்குப் பதில்: விழாது. ஆயிரம் அடியில் எஞ்சின் ஓய்ந்தாலும், காற்றில்லாத நாளில் அது இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் சறுக்கிப் போகும். விமானி மூக்கைத் தாழ்த்தி, மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தை விடாமல் பிடித்து, காற்றுக்கு எதிராக இறங்க இடம் தேடுவார். அரிவு வெட்டிய வயல் அகப்பட்டால் நல்லது. பனையும் மதிலும் நெருக்கிய வலிகாமத்துக் காணிகளில் பாடு கஷ்டம்தான்.

எஞ்சின் நிற்கப் பல காரணங்கள். எனக்குப் பிடித்தது பனிக்கட்டி.

பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்களுக்குக் காபரேற்றரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கையில் சிந்திய பெற்றோல் ஆவியாகும்போது குளிர்ந்ததும் நினைவிருக்கும். அந்தக் குளிர்தான் வில்லங்கம். காபரேற்றரின் ஒடுங்கிய தொண்டையில் காற்று விரைய, பெற்றோல் ஆவியாக, வெப்பம் 20 பாகைக்கு மேலும் இறங்கலாம். வெளியே 25 பாகை, உள்ளே உறைநிலை! காற்றிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். வறண்ட குளிர்தேசத்தைவிட ஈரம் ஊறிய மார்கழி விடியற்காலைப் பலாலி இதற்கு வாய்ப்பான இடம். அதிலும் இறங்குவதற்காக விசையைக் குறைக்கும் நேரம் ஆபத்து கூட.

மருந்து உண்டு. ஒரு பிடியை இழுத்தால் புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று உள்ளே வரும். ஆனால் எஞ்சின் உடனே சுகப்படாது. உருகிய தண்ணீரை விழுங்கி முன்னையைவிட மோசமாக இருமும். பயந்து பிடியைத் திருப்பித் தள்ளினால் காரியம் கெட்டது. வடிகட்டியைக் கழுவாமல், எண்ணெய் மாற்றாமல் இறைப்பு மிசினை ஓட்டிவிட்டு, அது இருமினால் உதைப்பவர்கள் நாங்கள். இந்தப் பொறுமை எங்களுக்குச் சிரமம். புறப்படுமுன் தரையிலேயே பிடியை இழுத்து, சுழற்சி குறைகிறதா என்று பார்க்கவேண்டும். அதையும் சடங்காக முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

1996 இல் மீண்டும் தயாரிப்புக்கு வந்த செஸ்னா 172களில் காபரேற்றர் இல்லை. எரிபொருள் நேரே பீச்சப்படுகிறது. பழையவை இன்னும் உலகெங்கும் பறக்கின்றன. அவற்றிலொன்று இப்படி இறங்கினால், நிபுணர்கள் வருமுன் எஞ்சின் சூட்டில் தடயம் உருகிப் போயிருக்கும். அன்றைய வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வானிலைப் பதிவில் பார்த்து, ‘இருந்திருக்கலாம்’ என்று மட்டுமே பெரும்பாலும் எழுத முடிகிறது.