மலைச் சாக்லேட்டும் நம் கைக்காசும்

கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்று வெறுங்கையோடு வீடு திரும்பியவர் உண்டோ? ஏரியைச் சுற்றி நடந்து, மூடுபனி விலகும்வரை காத்திருந்து தூண் பாறையைப் பார்த்து, சலேத் மாதா ஆலயத்தில் செபித்து முடித்தபின் எல்லாரும் போய் நிற்கும் இடம் சாக்லேட் கடைதான். பாதாம் வைத்தது, முந்திரி வைத்தது, உலர்ந்த திராட்சை வைத்தது என்று கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பார்கள். சென்ற பிப்ரவரியில் எங்கள் வகுப்பு மாணவியரும் அங்கே போய் நின்றோம். கையில் இருந்ததோ வீட்டில் எண்ணிக் கொடுத்த பணம். கடையிலோ ஒன்றுக்கொன்று மூன்று மடங்கு விலை வித்தியாசம். விலை கூடியதை வாங்கினால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது வெறும் பகட்டுக்குத்தான் பணமா? அன்று எழுந்த அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பணத்தை ஒன்றாகச் சேர்த்து மூன்று வகை வாங்கினோம். முதலாவது, நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்த மலிவான சாக்லேட். இரண்டாவது, சாதாரணக் காகிதம் சுற்றிய டார்க் சாக்லேட். விலை இரு மடங்கு. மூன்றாவது, தங்க நிறத் தாள் சுற்றிப் பட்டு நாடா கட்டிய பெட்டி. எல்லாவற்றிலும் விலை கூடியது அதுதான்.

பழனி வழியாக மலை இறங்கினோம். பை பேருந்தின் சன்னலோரம் வெயிலில் இருந்தது. பள்ளிக்கு வந்து திறந்தால், இரண்டாவது சாக்லேட் மட்டும் கூழாக உருகியிருந்தது. மற்ற இரண்டும் உருக்குலையாமல் இருந்தன. மறுநாள் காலையில் உருகியது மீண்டும் இறுகி, மேலே சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. பூசணம் என்று எண்ணி எறியப் போனோம். அறிவியல் கற்பிக்கும் எங்கள் அருட்சகோதரி அதைத் தடுத்தார். “அது கெட்டுப் போகவில்லை, பிள்ளைகளே! மூன்று உறைகளையும் கொண்டு வாருங்கள். எது ஏன் உருகியது என்று பார்ப்போம்” என்றார். எங்கள் பாடம் அங்கே தொடங்கியது.

சாக்லேட் எதிலிருந்து வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். கொக்கோ என்பது வெப்பமும் ஈரமும் நிறைந்த நிலத்தில் வளரும் மரம். அதன் காய்க்குள் வெண்மையான சதை சூழ்ந்த விதைகள் இருக்கும். அவ்விதைகளை எடுத்து ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி அரைப்பார்கள். புளிக்க வைக்காத விதையில் சாக்லேட்டின் மணமே வராது. அரைத்த விழுதில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அதற்குக் கொக்கோ வெண்ணெய் என்று பெயர். சர்க்கரை சேர்த்து அந்த விழுதை நெடுநேரம் கடைந்தால்தான் நாவில் நறநறப்பின்றி வழுக்கும். இப்படிக் கடையும் முறையைச் சுவிட்சர்லாந்தில் ரொடால்ப் லிண்ட் என்பவர் 1879-இல் கண்டறிந்தார்.

கொக்கோ வெண்ணெய்க்கு ஓர் அரிய குணம் உண்டு. அறை வெப்பத்தில் அது கெட்டியாக இருக்கும். ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நம் உடல் வெப்பம் 37 டிகிரி. ஆகவேதான் நல்ல சாக்லேட் கையில் கெட்டியாகவும் வாயில் இட்டவுடன் நீராகவும் ஆகிறது. இந்தக் கொழுப்பு பல விதமாக உறையக்கூடியது. அவற்றுள் ஒரு விதத்தில் உறைந்தால்தான் பளபளப்பும், உடைக்கும்போது ‘டக்’ என்ற ஓசையும் வரும். அதற்காக உருக்கி, ஆற்றி, மீண்டும் இளஞ்சூடாக்கிப் பக்குவம் பார்க்க வேண்டும். பேருந்தில் அப்பக்குவம் குலைந்ததால்தான் எங்கள் சாக்லேட் வெளுத்துப் போயிற்று. அந்த வெண்மை மேலே வந்து படிந்த கொழுப்பேயன்றிப் பூசணம் அன்று.

அப்படியானால் மற்ற இரண்டும் ஏன் உருகவில்லை? சகோதரி உறைகளைப் படிக்கச் சொன்னார். இரண்டாவது உறையில் கொக்கோ, சர்க்கரை, கொக்கோ வெண்ணெய் என்ற மூன்றே பொருள்கள். மலிவான பொட்டலத்தின் சீட்டில் முதலில் சர்க்கரை, அடுத்து ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு, அதன்பிறகே கொக்கோத் தூள். தங்கப் பெட்டியைத் திருப்பினால் அங்கும் அதே வரிசை! மூன்று மடங்கு விலை கொடுத்து நாங்கள் வாங்கியது பட்டு நாடாவைத்தான் என்று தெரிந்தபோது சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது எங்களில் ஒருத்தியின் அம்மா, “இதென்ன புதுமை? நெய்யில் செய்த பலகாரத்துக்கும் டால்டாவில் செய்த பலகாரத்துக்கும் உள்ள வித்தியாசம்தானே!” என்றார்களாம். இதைவிட எளிதாக விளக்க முடியாது. விலையுயர்ந்த கொக்கோ வெண்ணெயை நீக்கி, விலை குறைந்த தாவரக் கொழுப்பைச் சேர்த்துச் செய்வதைத் தொழிலில் ‘காம்பவுண்ட்’ என்கிறார்கள். அது எளிதில் உருகாது. பக்குவம் பார்க்க வேண்டிய வேலையும் இல்லை. அச்சில் ஊற்றினால் போதும். ஆனால் வாயில் மெழுகுபோல் ஒட்டும். அது நஞ்சன்று, உள்ளதைச் சொல்லி, உரிய விலைக்கு விற்றால் ஏமாற்றும் அன்று. டால்டாவை நெய்விலைக்கு விற்றால்தான் வழக்கு. நம் நாட்டு உணவுச் சட்டமும், சாக்லேட் என்று பெயரிட்டு விற்பதில் கொக்கோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது என்று வரையறுத்துள்ளது.

இங்கே கொடைக்கானலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள அக்குளிர்ந்த ஊரில் கொக்கோ மரம் வளராது. நம் நாட்டுக்குக் கொக்கோ முதலில் வந்தது 1798-இல், குற்றாலத்துக்கு. இன்று தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்கிறது. கேரளம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலும் விளைகிறது. மலைக் கடைகளில் விற்கும் ‘வீட்டுத் தயாரிப்பு’ பெரும்பாலும் ஆலையிலிருந்து வாங்கிய பாளங்களை உருக்கி, பருப்பும் பழமும் சேர்த்து வார்த்ததே. எனவே அச்சொல், சாக்லேட் எங்கே வார்க்கப்பட்டது என்பதைச் சொல்லுமேயன்றி, எதிலிருந்து வார்க்கப்பட்டது என்பதைச் சொல்லாது. பாளம் நல்லதாக இருந்தால் பண்டமும் நல்லதாக இருக்கும். மலையின் பங்கு அதன் குளிர்ச்சி. கீழே வெயிலில் இளகும் சாக்லேட் அங்கே தானாகவே இறுகி நிற்கும்.

நம் பழனிப் பஞ்சாமிர்தத்தை எண்ணிப் பாருங்கள். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் என்று அதில் சேர்வது இன்னது என ஊரே அறியும். அதனால்தான் அதற்குப் பெயர் நிலைத்தது. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்ன பொருளால் ஆனது என்று தெரிந்தால்தானே விலை சரியா என்று சொல்ல முடியும்?

விலையைக் கண்டே சுவை கூடுவதாக நினைக்கும் பலவீனமும் நமக்கு உண்டு. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே திராட்சை இரசத்தை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் வெவ்வேறு விலை சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டவுடன் குடித்தவர்களுக்கு அதுவே சுவை மிக்கதாகத் தோன்றியது! நாங்களும் தங்கப் பெட்டியைத் திறந்து முதல் துண்டை வாயில் இட்டபோது, “ஆகா!” என்றவர்களே. உறையைப் படித்த பிறகு அந்த “ஆகா!” மறைந்துவிட்டது.

இனிக் கேள்விக்கு விடை கூறலாம். கூடுதல் பணம் மூன்று இடங்களுக்குப் போனால் பயன் உண்டு. ஒன்று, கொக்கோவுக்கும் கொக்கோ வெண்ணெய்க்கும். இரண்டு, முறையாகப் புளிக்க வைத்து, வறுத்து, கடைந்து, பக்குவம் பார்க்கும் நேரத்துக்கும் திறமைக்கும். மூன்று, மரம் வளர்த்தவருக்கு. அட்டைப் பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் வெளிநாட்டுப் பெயருக்கும் போனால் பயன் இல்லை. உறையில் 70 சதவீதம் என்று இருந்தால் அது கொக்கோவின் அளவு. மீதி பெரும்பாலும் சர்க்கரை. எண் கூடினால் இனிப்புக் குறையும் என்றுதான் பொருள். தரம் கூடும் என்று பொருள் அன்று. கசப்பு பிடிக்காத சிறு பிள்ளைக்கு அதை வாங்கித் தருவது வீண்செலவே.

நல்லது எல்லாம் பெருவிலைதான் என்றும் எண்ண வேண்டாம். மங்களூரில் 1973-இல் பாக்கு விவசாயிகள் தொடங்கிய காம்ப்கோ என்ற கூட்டுறவு நிறுவனம், கொக்கோ விலை வீழ்ந்து விவசாயிகள் தவித்த காலத்தில் அவர்களிடம் கொக்கோவை வாங்கத் தொடங்கியது. பின்னர் 1986-இல் புத்தூரில் சொந்தச் சாக்லேட் ஆலையையும் திறந்தது. விளைவித்தவரே ஆலைக்கும் உரிமையாளர் என்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு!

மூன்றாவது இடத்தைப் பற்றிச் சற்று நின்று சிந்திப்போம். உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. அங்கே கொக்கோ வேலையில் ஏறத்தாழ 15 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைத் தொழிலாளர்கள் இருப்பதாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிறுவனம் ஒன்று 2020-இல் கணக்கிட்டுக் கூறியது. கூர்மையான கத்தியால் காய் உடைப்பதும், பாரம் சுமப்பதும் நம் வயதுப் பிள்ளைகள். விளைச்சல் குறைந்து, 2024 டிசம்பரில் ஒரு டன் கொக்கோ 12,000 டாலரைத் தாண்டி, பின் விலை பெரிதும் இறங்கியது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் சிறு விவசாயிக்குக் கிடைக்கும் பங்கு சிறிதே. விலை கூடிய சாக்லேட் எல்லாம் அவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில்லை. ஆனால் எந்த ஊர்க் கொக்கோ, யாரிடம் வாங்கியது என்று உறையில் சொல்லத் துணிபவர்களும் இருக்கிறார்கள். ஆனைமலைப் பகுதியிலும் ஆரோவில்லிலும் இந்தியக் கொக்கோவைக் கொண்டே சாக்லேட் செய்கிறார்கள். அத்தகையோருக்குக் கொடுக்கும் பணம் ஒரு குடும்பத்துக்குப் போய்ச் சேர வழி உண்டு.

ஆகவே தோழியரே, அடுத்த முறை மலைக்குச் செல்லும்போது சில செயல்களை நினைவில் வையுங்கள். உறையின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். எடையில் மிகுந்த பொருளே பட்டியலில் முதலில் வரும். கொக்கோ வெண்ணெய் உள்ளதா, தாவரக் கொழுப்பு உள்ளதா என்று பாருங்கள். பெட்டியின் விலையைப் பாராமல் 100 கிராமின் விலையைக் கணக்கிடுங்கள். சிறு துண்டை நாவில் வைத்து, மெல்லாமல் உருக விடுங்கள். நீராய்க் கரைந்தால் நல்லது. மெழுகாய் ஒட்டினால் அதற்குரிய விலைக்கு மேல் கொடாதீர்கள். மலை இறங்கும்போது, பையை வெயிலில் வைக்காதீர்கள்! நம் பெற்றோர் உழைத்துத் தந்த காசு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். வாயில் போடுவதற்கு அளவு வேண்டாமா?

ஒரு சிறு செய்தியோடு முடிக்கிறோம். முன்னாளில் சாக்லேட்டைப் பானமாகவே அருந்தினார்கள். அதைக் குடித்தால் திருச்சபையின் நோன்பு முறியுமா என்று பெரிய வாதமே நடந்தது. 1662-இல் கர்தினால் பிரங்காச்சோ, பானம் நோன்பை முறிக்காது என்று தீர்ப்பாக எழுதினார். எங்கள் வகுப்பு அந்தச் சலுகையைக் கேட்கவில்லை. சென்ற தவக்காலத்தில் சாக்லேட் வாங்கும் காசை உண்டியலில் சேர்த்தோம். உயிர்ப்புப் பெருவிழா முடிந்தபின் எல்லாருமாக ஒரே ஒரு நல்ல சாக்லேட் வாங்கி, ஆளுக்கு ஒரு துண்டாகப் பகிர்ந்து, மெல்லாமல் உருக விட்டு உண்டோம். அன்று கொடுத்த கூடுதல் விலை எங்களுக்குச் சற்றும் பாரமாகத் தோன்றவில்லை.