மறதியின் தொடக்க நிலையும் அதற்குரிய பயிற்சிகளும்

வயது அறுபதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர் கடன் தவணையைச் செலுத்திவிட்டு, அதே வாரத்தில் மீண்டும் பணத்துடன் சங்கத்திற்கு வருகின்றார். மற்றொருவர், தாம் நாற்பது ஆண்டுகளாக நெய்து வந்த கரையின் இழைக்கணக்கை மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கின்றார். இத்தகையோரைப் பற்றி நம்மவர் கூறுவது இரண்டிலொன்று. "வயதானால் அப்படித்தான்" என்பர் சிலர். "புத்தி தடுமாறிவிட்டது, இனி அவர் கையெழுத்தை நம்பலாகாது" என்பர் வேறு சிலர். சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் இவ்விரண்டு பேச்சையும் கேட்டிருக்கின்றேன். இரண்டும் அவசர முடிவுகளே. வயதினால் வரும் இயல்பான மறதிக்கும், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கும் இடையே ஒரு நிலை உண்டு. அந்நிலையில் செய்யத்தக்கவை சில உள என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடைப்பட்ட இந்நிலையை மருத்துவர் 'இலேசான அறிவாற்றல் குறைவு' என்பர். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்டு பீட்டர்சனும் அவருடன் பணியாற்றியோரும் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இதன் இலக்கணத்தைத் தெளிவாக்கிற்று. மறதி தமக்கே தெரியும், அல்லது வீட்டாருக்குத் தெரியும். சோதித்துப் பார்த்தால் அந்த வயதினருக்கு இருக்க வேண்டிய அளவினும் நினைவாற்றல் குறைந்திருக்கும். ஆயினும் அவர் தம் அன்றாடக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்வார். சந்தைக்குப் போய் வருவார், கூலியை எண்ணி வாங்குவார், தறியிலும் அமர்வார். மறதி நோய் முற்றினாலோ இவையெல்லாம் பிறர் துணையின்றி நடவா. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் அவசியம்.

அமெரிக்க நரம்பியல் கழகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 65 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேரிடமும், 80 முதல் 84 வயதினரில் நூற்றுக்கு இருபத்தைந்து பேரிடமும் இக்குறைவு காணப்படுகின்றது. 65 வயதைக் கடந்து இந்நிலையில் உள்ளோரில் இரண்டு ஆண்டுகளுக்குள் மறதி நோய்க்கு உள்ளாவோர் நூற்றுக்குப் பதினைவர். சிறிய எண் என்று இதை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் எஞ்சிய எண்பத்தைந்து பேர் அவ்விரண்டு ஆண்டுகளில் அந்நோயை அடையவில்லை என்பதையும், சிலர் மீண்டும் இயல்பு நிலைக்கே திரும்புகின்றனர் என்பதையும் "கையெழுத்தை நம்பலாகாது" என்போர் கவனித்தல் வேண்டும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். கனடா நாட்டில் மானுவேல் மான்டேரோ ஒடாசோ என்னும் மருத்துவரின் தலைமையில் நடைபெற்று, 2023-இல் முடிவுகள் வெளியான 'சினர்ஜிக்' என்ற ஆய்வு இப்பொருளில் சிறப்பாக எடுத்துக்காட்டத்தக்கது. இலேசான அறிவாற்றல் குறைவுடையவர்கள் 175 பேர் இதிற் சேர்ந்தனர். 60 முதல் 85 வயதினராகிய இவர்களின் சராசரி வயது 73. இவர்கள் ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். நான்கு பிரிவினருக்கு உண்மையான தேகப்பயிற்சி அளிக்கப்பட்டது. மூச்சும் நாடியும் விரைவுபடச் செய்யும் பயிற்சியும், பாரம் கொடுத்துத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் அதில் அடங்கும். அந்நான்கில் இரண்டு பிரிவினருக்கு மட்டும் மூளைப் பயிற்சியும் சேர்க்கப்பட்டது. அது கணினியின் துணைகொண்டு, ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளில் கவனம் செலுத்தச் செய்யும் பயிற்சியாகும். ஒருவர் தேறத் தேற அதன் கடினமும் ஏறிக்கொண்டே செல்லும். வைட்டமின் டி மாத்திரையும் சில பிரிவுகளுக்கு உண்மையாகவும், சிலவற்றுக்கு மருந்தற்ற போலி மாத்திரையாகவும் கொடுக்கப்பட்டது. ஐந்தாம் பிரிவினருக்கு, உடலைச் சமநிலையில் நிறுத்தும் எளிய அசைவுகளும், பயிற்சி என்று சொல்லத் தகாத சில கணினி வேலைகளும், போலி மாத்திரையுமே கிடைத்தன.

வாரத்திற்கு மூன்று நாள் வீதம் இருபது வாரங்கள் இது நடந்தது. முதலில் அரை மணி நேரம் மூளைக்கு, அதன்பின் ஒரு மணி நேரம் உடலுக்கு என்பது ஏற்பாடு.

நினைவு, மொழி முதலியவற்றை அளக்கும் ஒரு சோதனையைக் கொண்டு பலன் கணிக்கப்பட்டது. அச்சோதனையில் தவறுகளுக்கே மதிப்பெண். ஆதலின் எண் குறைந்தால் நன்மை. உண்மைத் தேகப்பயிற்சி பெற்ற நான்கு பிரிவினரும் சேர்ந்து ஐந்தாம் பிரிவினரைவிட 1.79 புள்ளி நன்றாக இருந்தனர். தேகப்பயிற்சியுடன் மூளைப் பயிற்சியும் பெற்றவர்கள், தேகப்பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட மேலும் 1.45 புள்ளி முன்னே நின்றனர். வைட்டமின் டி சேர்ந்ததனால் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் தெரியவில்லை. ஞாபகசக்திக்கென்று மாத்திரையும் டானிக்கும் வாங்கக் கூலியில் ஒரு பகுதியைச் செலவிடுவோர் இச்செய்தியைச் சிந்திக்கலாம். இம்முடிவுகளை மிகைப்படுத்தவும் கூடாது. அதே ஆய்வில் பயன்படுத்திய வேறோர் அளவுகோலின்படி குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. பயிற்சியை முடித்தவர்களும் 144 பேர்தாம். இது நோயை ஒழித்துவிடும் மருந்தன்று. செலவு மிகக் குறைந்த, நன்மை ஓரளவு நிரூபிக்கப்பட்ட ஒரு வழி என்பதே நேர்மையான கணக்கு.

உடலை அசைப்பதனால் மூளைக்கு என்ன நேரும் என்று சிலர் வினவலாம். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் சிறு பகுதி புதிய செய்திகளை நினைவிற் பதிக்கும் வேலையைச் செய்வது. முதுமையில் இது ஆண்டுதோறும் சிறிது சுருங்குகின்றது. அமெரிக்காவில் முதியோர் 120 பேரைக் கொண்டு நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு விரைந்து நடந்து பழகியவர்களுக்கு அப்பகுதி நூற்றுக்கு இரண்டு வீதம் பெருத்திருந்தது. உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கோ அது நூற்றுக்கு 1.4 வீதம் சுருங்கிற்று. அவர்கள் மறதிக் குறைவு இல்லாதவர்கள் என்பது உண்மையே. எனினும் கால்களின் உழைப்பு மூளையைச் சென்று சேர்கின்றது என்பதற்கு அது தக்க சான்றாகும். இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை கட்டுப்படுவதும் மூளையின் நுண்ணிய குழாய்களுக்கு நன்மையே.

மூளைப் பயிற்சி மட்டும் தனித்துப் போதுமா எனில், போதாது என்றே தோன்றுகின்றது. 2,832 முதியோரிடம் நடந்து 2002-இல் வெளியான 'ஆக்டிவ்' ஆய்வில், நினைவுப் பயிற்சி பெற்றவர் நினைவிலும், சிந்தனைப் பயிற்சி பெற்றவர் சிந்தனையிலும் முன்னேறினரேயன்றி ஒன்றின் பலன் மற்றொன்றிற்குப் பரவவில்லை. மூளை விளையாட்டுக்களை விற்று வந்த 'லுமாசிட்டி' என்ற அமெரிக்க நிறுவனம், தன் விளையாட்டுக்கள் மறதியைத் தடுக்கும் என்று சான்றின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த குற்றச்சாட்டில், 2016-இல் இருபது இலட்சம் டாலர் செலுத்தச் சம்மதித்தது. கைத்தொலைபேசியில் இவ்வகை விளம்பரங்கள் இன்று நம் இல்லங்களுக்கும் வந்துவிட்டன.

"நாள் முழுதும் தறியில் உழைக்கின்றோம், எங்களுக்கு வேறு பயிற்சி எதற்கு?" என்ற கேள்வி நெசவாளரிடமிருந்து நிச்சயம் எழும். நியாயமான கேள்விதான். மேற்கூறிய ஆய்வுகளில் பலன் தந்த பயிற்சிக்கு இரண்டு குணங்கள் இருந்தன. மூச்சு விரைவுபட்டது. பாரமும் கடினமும் படிப்படியாக ஏறின. குழித்தறியில் கையும் காலும் ஓயாது அசைகின்றன என்பது மெய். ஆனால் பல மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து, ஒரே அளவில் செய்யும் உழைப்பு அது. மிதியை மிதிப்பது நடைக்கு ஈடாகாது என்பது என் கருத்து. மண்வெட்டி பிடிக்கும் விவசாயி இவ்வகையில் சற்றுப் பாக்கியசாலி. ஆயினும் முதுமையில் வரப்பின்மீது நின்று ஆள்களுக்கு உத்தரவிடும் நிலையை அடைந்தபின் அவருக்கும் அந்த அனுகூலம் இல்லாமற் போகின்றது. பேசிக்கொண்டு செல்லலாம், பாட இயலாது என்ற அளவான வேகத்தில் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடப்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறிய குறைந்த அளவை நிறைவு செய்யும். அத்துடன் வாரம் இரு நாள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்வது போன்ற வலுப்பயிற்சியும் வேண்டும்.

மனத்தின் பயிற்சியிலும் இதே விதி பொருந்தும். கை தானாகவே ஓடும் பழைய டிசைனை நெய்வதில் மூளைக்குப் புதிய வேலை இல்லை. புதிய புட்டாவின் கணக்கைக் கற்றல், சங்கத்தின் வரவு செலவு அறிக்கையைப் படித்துப் பிறருக்கு விளக்குதல், நடந்துகொண்டே நூறிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணுதல் ஆகியவை மூளையை வருத்தும். இவை ஆய்வில் அளந்து பார்த்தவை அல்ல. அதன் போக்கையொட்டி நான் கூறுபவை. சற்றே மறதி கண்டவுடன் பெரியவரைத் தறியினின்று இறக்கித் தார் சுற்ற மட்டும் அமர்த்திவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அன்பினாற் செய்வதே எனினும் அது அவருக்குத் தீங்காகலாம். வேலையைப் பிடுங்குவதைவிட, எழுதி வைத்துக்கொள்ள ஒரு குறிப்பேடு கொடுத்து வேலையைத் தொடரச் செய்வது மேல்.

விசைத்தறி அங்கத்தினர்களுக்குத் தனியே ஒன்று கூற வேண்டும். மறதி நோய்க்குரிய, ஆனால் திருத்தக்கூடிய காரணங்கள் பதினான்கினை 'லான்ஸெட்' இதழின் குழு 2024-இல் வரிசைப்படுத்தியது. செவிக் குறைவும், கவனிக்கப்படாத பார்வைக் குறைவும் அவற்றுள் அடங்கும். தறிக்கூடத்தின் ஓசை செவியைக் கெடுக்கும். ஆதலின் காதடைப்பான் அணிவதும், புரை வளர்ந்தால் காலத்தே கண் சிகிச்சை பெறுவதும் மூளைக்கும் பாதுகாப்பாகும்.

பயிற்சி தொடங்குமுன் மருத்துவரைக் காணுதல் கட்டாயம். வைட்டமின் பி-12 குறைவு, தைராய்டு சுரப்பின் குறைவு, மனச்சோர்வு, உறக்க மாத்திரை ஆகியவற்றாலும் மறதி வரும். அவை சிகிச்சையால் திருந்தக்கூடியவை. மாரடைப்பு வந்தவரும், நடக்கையில் மார்பு வலிப்பவரும், அடிக்கடி விழுபவரும் மருத்துவர் சொல்லாமல் வேகநடை பழகலாகாது. மருத்துவமனைக்கு உடன் வாழ்பவர் ஒருவரையும் அழைத்துச் செல்க. எந்த மாதத்தில் எதனை மறந்தார் என்ற குறிப்பு, உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தும், மூக்குக்கண்ணாடி ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுதல் வேண்டும். தெரிந்த தெருவில் வழி தவறுதல், பணம் எண்ண இயலாமை, சில நாட்களுக்குள் திடீரெனத் தோன்றிய குழப்பம் ஆகியவை இருந்தால் பயிற்சியைப் பற்றி யோசித்துக்கொண்டிராமல் உடனே செல்க.