ரெண்டரிங் வேலைக்கு எந்த மடிக்கணினி? ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் கட்டடக் கலை, உள்அலங்காரம், அனிமேஷன் என்று மேலே படிக்கப் போகும் மாணவர்களின் பெற்றோர் ஆசிரியரிடம் கேட்பது: "சார், பிள்ளைக்கு எந்த லேப்டாப் வாங்கிக் கொடுக்கலாம்?" கேரி தீவு போன்ற செம்பனைத் தோட்டப் பகுதியில் வாழும் குடும்பத்துக்கு இது சின்னக் கேள்வி இல்லை. பல மாதச் சேமிப்பு லோயாட் பிளாசாவில் ஒரே மணி நேரத்தில் கைமாறிவிடும். கடையில் "இதுல எல்லாம் ஓடும்" என்பார்கள். ஓடும்தான். எவ்வளவு வேகத்தில், எத்தனை மணி நேரம் தாங்கி ஓடும் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ரெண்டரிங் ஏன் கனமான வேலை?

முப்பரிமாண உருவத்தை வரைந்து முடித்தால் நம்மிடம் இருப்பது வடிவம் மட்டுமே. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, கண்ணாடியில் எது தெரிகிறது என்பதையெல்லாம் கணினி புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டுப் படமாக்குவதே ரெண்டரிங். முழு எச்.டி. படம் ஒன்றில் 1920 × 1080, அதாவது 2,073,600 புள்ளிகள்.

இப்போது ஒரு கணக்கு. 30 விநாடி அனிமேஷன், விநாடிக்கு 24 படம் என்றால் மொத்தம் 720 படங்கள். ஒரு படத்துக்கு 2 நிமிடம் பிடித்தால் 1,440 நிமிடம், சரியாக 24 மணி நேரம். அதே படம் 1 நிமிடத்தில் முடிந்தால் 12 மணி நேரம் போதும். இரவு 7 மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தால் காலை 7 மணிக்கு வேலை முடிந்திருக்கும். ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது இந்த வித்தியாசம் புரியும்.

பள்ளியில் கிராஃபிக் கொமுனிகாசி தெக்னிக்கல் பாடத்துக்கு வரைபடம் வரையும் மாணவருக்கு இவ்வளவு சக்தி தேவையில்லை. சாதாரண மடிக்கணினியே போதும். அதற்கென்று பெரிய மெஷின் வாங்க வேண்டாம்.

1. பெயரைப் பார்த்தால் போதாது, வாட்டைப் பாருங்கள்

பலரும் ஏமாறும் இடம் இதுதான். என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4060 மடிக்கணினி வரைகலை அட்டைக்கு அந்த நிறுவனமே கொடுத்திருக்கும் மின்சக்தி வரம்பு 35 வாட் முதல் 115 வாட் வரை. மெல்லிய கணினியில் அது குறைந்த வாட்டில் ஓடும். தடித்த கணினியில் முழு வாட்டில் ஓடும். ஆனால் இரண்டிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றே! ஒரே எஞ்சின்தான், ஒன்றுக்குப் பெட்ரோல் குழாயைப் பாதி அடைத்து வைத்த மாதிரி.

தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் "டி.ஜி.பி." அல்லது "மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர்" என்று போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால் கடையில் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியவில்லையா? அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

2. வரைகலை நினைவகம்

ரெண்டர் செய்யும் காட்சி முழுவதும் அட்டையின் சொந்த நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேகம் படுத்துவிடும், அல்லது வேலை பாதியில் நின்றுவிடும். 40 வரிசையில் 4050-க்கு 6 ஜி.பி., 4060-க்கு 8 ஜி.பி., 4070-க்கும் அதே 8 ஜி.பி., 4080-க்கு 12 ஜி.பி. அதாவது 4060-ஐ விட்டு 4070-க்குப் போனால் வேகம் கூடும், ஆனால் கொள்ளளவு கூடாது. எண் பெரிதானால் எல்லாமே பெரிது என்று எண்ண வேண்டாம். மாணவருக்கு 8 ஜி.பி. நல்ல தொடக்கம்.

3. ரேம், சேமிப்பகம், திரை

ரேம் குறைந்தது 16 ஜி.பி., முடிந்தால் 32. பின்னால் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா, பலகையோடு ஒட்டிவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி. 1 டி.பி. இருந்தால் நல்லது.

விலை குறைந்த கேமிங் கணினிகளில் "45% என்.டி.எஸ்.சி." திரை வரும். அதில் நிறம் வெளுத்துத் தெரியும். வடிவமைப்பு வேலைக்கு "100% எஸ்.ஆர்.ஜி.பி." என்று எழுதியிருக்கும் திரையே வேண்டும். இல்லையென்றால் நாம் திரையில் பார்த்த சிவப்பு ஒன்று, அச்சில் வரும் சிவப்பு வேறொன்று.

4. எடை, சூடு, மின்சாரம்

கிள்ளானில் கோமுட்டர் ஏறி கே.எல். சென்ட்ரல் வரை தினமும் தூக்கிப் போகிற பொருள் இது. கணினியின் எடையோடு சார்ஜரின் எடையையும் சேர்த்துப் பாருங்கள். சார்ஜர் இல்லாமல் முடியாதா என்றால், ரெண்டரிங்குக்கு முடியாது. பேட்டரியில் ஓடும்போது வரைகலை அட்டையின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

நம் ஊர் வெப்பத்தில், ஏர்கோன் இல்லாத அறையில், மெல்லிய கணினி முதல் சில நிமிடம் பாய்ந்துவிட்டுப் பிறகு சூடாகி மெதுவாகும். எனவே அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிக் காட்டும் சோதனைக் காணொளிகளையே நம்புங்கள். மெத்தை மேல் வைத்து ரெண்டர் போடக் கூடாது. காற்று போகும் வழி அடைந்துவிடும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது.

5. மேக் வாங்கலாமா?

பேட்டரியிலும் வேகம் குறையாது, சத்தமும் குறைவு. ஆனால் ரெவிட், 3டி.எஸ். மேக்ஸ், சாலிட்வொர்க்ஸ் ஆகியவற்றுக்கு மேக் பதிப்பு கிடையாது. எனவே கல்லூரி எந்த மென்பொருளைக் கேட்கிறது என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

6. பணத்தை மிச்சப்படுத்தும் வழிகள்

பிளெண்டர் எல்லாருக்கும் இலவசம். ஆட்டோடெஸ்க் மென்பொருள்கள் தகுதியுள்ள மாணவருக்கும் ஆசிரியருக்கும் இலவசம். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்ற லாட்வியா நாட்டின் 'ஃப்ளோ' பிளெண்டரில் உருவானதுதான். அதன் இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ், விரைவாக ரெண்டர் செய்யும் 'ஈவீ' முறையைப் பயன்படுத்தினார். சரியான முறையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு நடுத்தரக் கணினியும் நன்றாக உழைக்கும்.

பெற்றோர் வருமான வரி கட்டுபவராக இருந்தால், பிள்ளைக்கு வாங்கும் கணினியையும் 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை வரிக்கழிவில் சேர்க்கலாம். புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் எல்லாம் இதே வரம்புக்குள்தான் வரும். அந்த 2,500 அப்படியே திரும்பி வராது, வரிக்குரிய வருமானத்தில்தான் கழியும். 11 விழுக்காடு வரி கட்டுபவருக்கு 275 ரிங்கிட் மிச்சம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டியவை

- கல்லூரி கேட்கும் மென்பொருள்கள் எவை?
- வரைகலை அட்டை எத்தனை வாட், எத்தனை ஜி.பி.?
- ரேம் கூட்ட முடியுமா?
- திரை 100% எஸ்.ஆர்.ஜி.பி.யா?
- சார்ஜரோடு எத்தனை கிலோ?
- உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுது பார்க்கும் நிலையம் எங்கே?

படிப்பு இன்னும் உறுதியாகவில்லை என்றால், சேர்க்கைக் கடிதம் கைக்கு வரும்வரை காத்திருங்கள். முதல் கேள்விக்கான பதில் அப்போதுதான் தெரியும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: 45 விநாடி அனிமேஷன், விநாடிக்கு 24 படம், ஒரு படத்துக்கு 40 விநாடி. மொத்தம் எத்தனை மணி நேரம்? படத்தின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கிச் சோதனை ரெண்டர் போட்டால் புள்ளிகளின் எண்ணிக்கை எத்தனை மடங்கு குறையும்?

(விடை: 12 மணி நேரம், நான்கில் ஒரு பங்காகக் குறையும்.)