ஆதன முதலீட்டாளரும் தரகு அனுமதிப்பத்திரமும்: ஐக்கிய அமெரிக்க நடைமுறை பற்றிய ஒரு நோக்கு

காணியையும் வீட்டையும் வாங்கி விற்றுப் பொருளீட்டுவோர், ஆதனத் தரகர்க்குரிய அனுமதிப்பத்திரத்தைத் தாமும் பெறுதல் நன்றா என்னும் வினா ஐக்கிய அமெரிக்காவில் அடிக்கடி எழுப்பப்படுவதாகும். இதற்கு விடை காணுமுன், அவ்வனுமதிப்பத்திரம் எதன்பொருட்டு ஏற்பட்டது என்பதை நாம் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

அமெரிக்காவில் தரகுத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்குரியது. கலிபோர்னியா 1917இல் இயற்றிய சட்டம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகும். பிறருக்காக, ஊதியங் கருதி, ஆதனத்தை விற்கவோ வாங்கவோ முற்படுவோரையே இத்தகு சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. தம் பொருட்டு வாங்குவோருக்கும் தம் ஆதனத்தை விற்போருக்கும் அனுமதிப்பத்திரம் பொதுவாக வேண்டப்படுவதில்லை. எனவே முதலீட்டாளருக்கு இது கட்டாயமன்று, தெரிவேயாகும். ஆயின், ஒரு வீட்டை வாங்குவதாக ஒப்பந்தஞ் செய்து, வீட்டை வாங்காமலே அவ்வொப்பந்தத்தைப் பிறருக்குக் கைமாற்றி இலாபம் பெறுவோரின் நிலை வேறு. இலினோய் மாநிலம் 2019இல் தன் சட்டத்தைத் திருத்தி, இதனைப் பன்னிரண்டு மாதங்களில் ஒருமுறைக்கு மேற் செய்வோரை அனுமதிப்பத்திர வரம்புக்குட் கொணர்ந்தது.

அனுமதிப்பத்திரத்தால் விளையும் நன்மைகள் இரண்டு. தரகர்கள் தமக்குட் பகிர்ந்துகொள்ளும் விற்பனைப் பட்டியலை நேரடியாக நோக்கும் வாய்ப்பு ஒன்று; தரகிற் பங்கு மற்றொன்று. 300,000 டொலர் பெறுமதியான வீட்டுக்கு 3 சதவீதத் தரகு 9,000 டொலராகும். எனினும் இத்தொகை முழுவதும் கைக்கு வருவதில்லை. புதிதாக அனுமதி பெற்றவர் மூத்த தரகர் ஒருவரின் கீழேயே பணியாற்றல் வேண்டும். தரகும் அவர் வழியாகவே வரும். மேலும், 2024 ஆகத்து 17 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றங்களின்படி, வாங்குவோர் தரப்புத் தரகு பற்றிய அறிவித்தல் அப்பட்டியலில் இடம்பெறலாகாது. ஆகவே அது முன்போல் எதிர்பார்க்கத்தக்க வருவாயன்று.

சுமைகளும் உள. புளோரிடாவில் 63, கலிபோர்னியாவில் 135, ரெக்சாசில் 180 மணிநேரக் கல்வியும் பரீட்சையும் தொடக்கநிலைத் தேவைகளாம். அவற்றிலும் பாரமானது கடமை. அனுமதி பெற்றவர் தமக்கெனவே ஒரு வீட்டை வாங்கும்போதும், தாம் அனுமதி பெற்றவர் என்பதை எதிர்த்தரப்புக்கு வெளிப்படுத்துமாறு பல மாநிலங்கள் பணிக்கின்றன. வீட்டின் உண்மையான பெறுமதியை அறியாத முதியவர் ஒருவர் குறைந்த விலைக்கு விற்க முன்வருகிறார் எனக் கொள்வோம். சாதாரண முதலீட்டாளருக்கு அது நல்ல பேரம். அனுமதி பெற்றவருக்கோ தம் நடத்தை பற்றிய முறைப்பாட்டுக்கு ஏதுவாகலாம்.

ஆண்டுக்கு ஓரிரு வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுவோருக்குச் செலவும் பொறுப்பும் பயனை விஞ்சும் என்பது எமது கருத்து. அடிக்கடி கொடுக்கல் வாங்கல் செய்வோருக்கும் பிறருக்காகவும் செயற்பட விழைவோருக்குமே அது பொருந்தும்.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காணி விற்பனை நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒப்பமிட்ட உறுதியால் நிகழவேண்டும் என வகுத்தது. அங்கு இடைநிற்பவரைக் கட்டுப்படுத்திக் காக்க முயன்றதை இங்கு ஆவணத்தைக் கட்டுப்படுத்திக் காக்க முயன்றனர் எனலாம். எனினும், நம்முடன் பேரம் பேசுபவர் யாருக்காகப் பேசுகின்றார் என்பதே ஈரிடத்தும் முதலில் வினவத்தக்கதாகும்.