எரிமலைத் தீவில் காற்று வளர்த்த காடுகள்

சைக்கிள் டியூபிலிருந்து சீறி வரும் காற்றில் விரலைக் காட்டிப் பாருங்கள். சில்லென்றிருக்கும், அல்லவா? காற்று சட்டென விரியும்போது குளிர்கிறது. ஒரு தீவின் காடுகளை வகுத்ததும் இதே விதிதான்.

இந்துமாக்கடலிலுள்ள ரீயூனியன், எரிமலைக் குழம்பு குவிந்து உருவான தீவு. அதன் உச்சி சுமார் 3,070 மீட்டர். தென்கிழக்கிலிருந்து வீசும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறுகிறது. மேலே அழுத்தம் குறைவு. எனவே காற்று விரிந்து, குளிர்ந்து, மழையைக் கொட்டுகிறது. ஆகவே கிழக்கே அடர்ந்த மழைக்காடு. மேகம் தவழும் உயரங்களில் பாசியும் பெரணியும் போர்த்திய மரங்கள். உச்சியை நெருங்கினால் குட்டைப் புதர்களே. ஈரத்தை இழந்த காற்று மேற்கே இறங்குகையில் சூடேறுகிறது. அங்கே வறண்ட காடு.

செங்குத்தான சரிவுகள் மலைக்காடுகளைக் காத்தன. 2010இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வறண்ட காட்டின் பெரும்பகுதிக்குச் சரிவுகளின் காவல் இருக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் மக்கள் குடியேறியபின் அது வெட்டப்பட்டு, எரிக்கப்பட்டு, இன்று சிறு துண்டுகளாகவே மிஞ்சியிருக்கிறது.

அத்துண்டுகளில் சில கிராந்த் ஷலூப் பகுதியில் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்த தமிழர்களை, நோய்க்கு அஞ்சித் தனித்து வைத்த இடம் அது. அங்கே இப்போது அத்தீவுக்கே உரிய மரங்களின் கன்றுகளை நட்டிருக்கிறார்கள். மழையைக் காற்று கொண்டுவரும். வெட்டிய காட்டை மனிதன்தான் மீட்டுத் தரவேண்டும்.