பிஞ்சுக் கைகளுக்குள் ஒரு என்ஜினீயர்!

உங்கள் வீட்டுச் சுட்டி, பால்பாயின்ட் பேனாவைக் கழற்றி ஸ்பிரிங்கைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா? "வாங்கி ரெண்டு நாள்கூட ஆகலே... அதுக்குள்ள உடைச்சாச்சா?" என்று முதுகில் ஒன்று வைக்கக் கை ஓங்குகிறீர்களா? ஒரு நிமிஷம் பொறுங்கள். அவன் உடைக்கவில்லை. 'அமுக்கினா உள்ளே போகுது, மறுபடி அமுக்கினா வெளியே வருதே... எப்படி?' என்று பார்க்கிறான்.

இப்படிப் பார்ப்பதையும், பார்த்ததை வைத்துப் புதிதாக ஒன்று செய்வதையும் ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள், தெரியுமா? இங்கிலாந்தில் 1990-ஆம் வருஷத்திலிருந்து, ஐந்து வயதுக் குழந்தைக்கே 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்று ஒரு பாடம் உண்டு. பெயரைக் கேட்டதும் கம்ப்யூட்டர், ரோபோ, ஆயிரக்கணக்கில் விலை போட்ட பெட்டி என்று மிரண்டுவிடாதீர்கள். அட்டை, நூல், ஈர்க்குச்சி, பசை இருந்தால் போதும். யாருக்கு என்ன தேவை? அதற்கு என்ன செய்யலாம்? செய்து பார்த்தது சரியாக வந்ததா? வரவில்லை என்றால் எதை மாற்றணும்? இந்த நான்கு கேள்விகள்தான் மொத்தப் பாடமும்.

கம்பெனிக்குப் பக்கத்திலே வீடு... ஆனால்?

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டை... இந்தப் பக்கத்துக் குழந்தைகள் கொடுத்துவைத்தவர்கள். இரும்பு ஏற்றிய டிரெய்லர் லாரியும், ராட்சத கிரேனும் அவர்களுக்குத் தினசரிக் காட்சி. ஆனால் அங்கே ஒரு குழந்தையிடம், "உங்க அப்பா கம்பெனியில என்ன செய்யறாரு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், "வேலை செய்யறாரு" என்றுதான் பதில் வரும். என்ன பொருள், எதற்குப் பயன்படுகிறது என்பது தெரியாது. யாரும் சொன்னதில்லை.

அது மட்டுமா? "ஒழுங்கா படிக்கலேன்னா நீயும் கம்பெனியில கிடந்து கஷ்டப்பட வேண்டியதுதான்!" என்று நாமே மிரட்டுகிறோம். அப்பா படும் பாடு மகனுக்கு வரக்கூடாதே என்கிற கவலைதான் அது. ஆனால் குழந்தையின் மனசில் பதிவது வேறு. கையால் செய்வது தண்டனை, தலையால் படிப்பதுதான் கௌரவம் என்று நினைத்துக்கொள்கிறது. கையும் தலையும் அங்கேயே பிரிந்துவிடுகின்றன. பின்னால் அதே பிள்ளை என்ஜினீயரிங் படித்துவிட்டு, ஒரு நட்டைக் கழற்றத் தெரியாமல் விழித்தால் யாரைக் குறை சொல்வது?

கைவேலை வேறு, இது வேறு!

"எங்க ஸ்கூல்லதான் கிராஃப்ட் கிளாஸ் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. டீச்சர் ஒரு காகித ரோஜா செய்து காட்டுவார். முப்பது குழந்தைகளும் அதே மாதிரி முப்பது ரோஜா செய்வார்கள். விரலுக்கு நல்ல பயிற்சிதான், தப்பே இல்லை. ஆனால் அங்கே பதில் முதலிலேயே தெரிந்துவிட்டது.

இதையே மாற்றிப் பாருங்கள். "ஜன்னல் ஓரத்தில் வச்ச பூந்தொட்டி காத்துக்கு விழுந்துடுது. விழாம இருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டால், முப்பது குழந்தைகளிடமிருந்து முப்பது விதமான யோசனை வரும். ஒருத்தி அடியில் கல்லை வைப்பாள். இன்னொருத்தன் கயிறு கட்டுவான். அழகுக்கு இங்கே மார்க் கிடையாது. தொட்டி நின்றதா, விழுந்ததா? அதுதான் பரீட்சை.

நமக்கும் புதுசு இல்லை

'கைத்தொழில் வழியே கல்வி' என்று காந்திஜி 1937-ல் வார்தா மாநாட்டில் சொன்னார். 1939-ல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கே வந்து, நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குழந்தை கையால் தொட்டுத்தான் கற்கிறது என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன டாக்டர் அவர்.

அரவிந்த் குப்தா கதையைக் கேளுங்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். புனேயில் லாரி தயாரிக்கும் டெல்கோ கம்பெனியில் என்ஜினீயர். 1978-ல் ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு, மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் திட்டத்துக்குப் போனார். லேப் கிடையாது, கருவி கிடையாது. சைக்கிள் வால்வு டியூபைச் சின்னச் சின்னதாக நறுக்கி, தீக்குச்சிகளை அதில் செருகி முக்கோணம், சதுரம், வீடு, கோபுரம் என்று செய்ய வைத்தார். குப்பையிலிருந்து அவர் உருவாக்கிய பொம்மைகள் உலகம் சுற்றின. 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தமிழ்நாட்டில், 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. பின்னால் மாநிலம் முழுக்கப் பரவியது. அப்புறம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். அது துவங்கியது எங்கே தெரியுமா? இதே திருவள்ளூர் மாவட்டத்தில், அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில்! தேதி 2022 ஜூன் 13. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலைக்கேற்ற பாடம். ஆட்டம், பாட்டம், கதை, கைவேலை என்று வகுப்பு. ஆக, வகுப்பறையின் கதவு திறந்துதான் இருக்கிறது. அதற்குள் ஒரு அட்டைப் பெட்டியையும் கொஞ்சம் நூலையும் கொண்டுபோய் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

விரலுக்கு வேலை கொடுங்கள்

இதில் உடம்பு விஷயமும் இருக்கிறது. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி ஒன்று எலும்பாக ஆரம்பிக்கவே ஏறக்குறைய எட்டு, பத்து வயசாகிவிடும். ஐந்து வயதுக் குழந்தை நாலு பக்கம் எழுதியதும், "கை வலிக்குதும்மா" என்கிறது. அது சாக்கு இல்லை, நிஜம்!

பேப்பரைக் கிழிப்பது, கத்தரிப்பது, களிமண் பிசைவது, நூல் கோர்ப்பது... பென்சில் பிடிக்கத் தேவையான அதே சின்னத் தசைகளுக்குத்தான் இவையும் பயிற்சி. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று மறுபடி மறுபடி எழுத வைப்பதைவிட இது மேல்.

கொண்டைக்கடலைக் கோபுரம்

செலவில்லாத ஒரு சோதனை. ராத்திரியே கொண்டைக்கடலையை ஊற வையுங்கள். துடைப்பத்துக்கு வாங்கிய புது ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி, கூர்முனையை மழுக்கி விடுங்கள். கடலைதான் மூலை, குச்சிதான் பக்கம்.

முதலில் நான்கு குச்சியில் ஒரு சதுரம் செய்யச் சொல்லுங்கள். ஒரு மூலையை லேசாகத் தள்ளினால் போதும், சாய்ந்துவிடும். அடுத்து மூன்று குச்சியில் ஒரு முக்கோணம். தள்ளிப் பார்க்கட்டும்... அசையாது! இப்போது, "அந்தச் சதுரத்தை எப்படி நிக்க வைப்பே கண்ணு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து நிமிஷமோ அரை மணியோ, குறுக்கே ஒரு குச்சி வைக்க வேண்டும் என்று அதுவே கண்டுபிடிக்கும். கடலை காய்ந்ததும் குச்சிகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போங்கள். கம்பெனி ஷெட்டின் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம், மின்சாரக் கோபுரம், கிரேனின் நீண்ட கை... எல்லாவற்றிலும் அந்தச் சாய்வுக் கம்பி இருக்கும். "அம்மா, அங்கே பாரு முக்கோணம்!" என்று குழந்தை கத்தும். அன்றைக்கு அதற்கு ஊரே பாடப் புத்தகம்.

பட்டாணியும் குச்சியுமாக இந்த விளையாட்டைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர், கிண்டர்கார்டனின் தந்தை ஃபிரெடரிக் ஃபுரோபல். அமெரிக்காவில் ஒரு பையனுக்குச் சின்ன வயதில் பார்வை ரொம்ப மங்கல். மற்றக் குழந்தைகள் பார்த்த வீடுகளைப் போலச் சதுரமாகக் கட்டியபோது, இவன் பட்டாணியையும் குச்சியையும் தடவித் தடவிப் பார்த்து, எது உறுதியாக நிற்கிறதோ அந்த முக்கோணத்தைக் கண்டுபிடித்தான். 1967-ல் கனடாவின் மான்ட்ரியல் கண்காட்சியில், முக்கோணங்களாலேயே ஒரு பிரம்மாண்டக் கோள மாளிகையை வடிவமைத்த பக்மின்ஸ்டர் ஃபுல்லர்தான் அந்தப் பையன்!

அப்பாவின் டிபன் பாக்ஸ்

அடுத்து, நிஜமான ஒரு பிரச்னையைக் கொடுங்கள். "அப்பா சைக்கிள்ல போகும்போது சாம்பார் கொட்டிடுதாம். நீ ஏதாவது யோசனை சொல்லேன்."

முதலில் அப்பாவிடமே கேட்கட்டும். பையில் எப்படி வைக்கிறார்? எந்தப் பக்கம் சாய்கிறது? பிறகு ஒரு படம் வரையட்டும். கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை. அப்புறம் அட்டை, துணி, ரப்பர் பேண்டு வைத்து ஒரு தாங்கி செய்யட்டும். பாக்ஸில் சாம்பாருக்குப் பதில் தண்ணீர் ஊற்றி, பையில் வைத்துக் குலுக்கிப் பார்க்கட்டும். கொட்டினால்? சபாஷ், இப்போதுதான் பாடமே ஆரம்பிக்கிறது!

இங்கேதான் பெற்றவர்கள் கோட்டை விடுகிறோம். "குடு இப்படி, நான் செஞ்சு தரேன்" என்று பிடுங்கிவிடுகிறோம். பிராஜெக்ட் நோட்டில் அப்பா ஒட்டிய தாஜ்மஹாலுக்கு ஸ்டார் கிடைக்கும். பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. "சூப்பர்" என்று பொத்தாம்பொதுவாகப் புகழ்வதைவிட, "எந்த இடத்தில கொட்டுது? ஏன் அங்கே மட்டும்?" என்று கேளுங்கள். அப்பா அதை ஒரு நாளாவது வேலைக்கு எடுத்துப் போகட்டும். சாயங்காலம் வந்து நடந்ததை நடந்தபடி சொல்லட்டும்.

டீச்சர்களுக்கு ஒரு வார்த்தை

"நாற்பது பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு முடியுமா சார்?" முடியும். நாலு பேருக்கு ஒரு தட்டு, ஒரே பிரச்னை. உதாரணமாக, இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு தாளை வைத்துப் பாலம் கட்டச் சொல்லுங்கள். தட்டையாக வைத்தால் ஒன்றிரண்டு நாணயத்துக்கே தொய்ந்துவிடும். விசிறி மாதிரி மடித்து வைத்தால்? அதே தாள், எத்தனை நாணயம் தாங்குகிறது என்று பிள்ளைகளே எண்ணட்டும். தகரக் கூரை ஏன் நெளிநெளியாக இருக்கிறது என்பது நீங்கள் சொல்லாமலே புரியும். கணக்குப் பாடமும் கூடவே நடந்துவிடும்.

பழவேற்காட்டில் பனை ஓலைக் கூடை முடையும் பெண்கள் இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் தச்சரும் டெய்லரும் இருப்பார்கள். ஒரு மணி நேரம் வகுப்புக்கு அழையுங்கள். செய்யத் தெரிந்தவரைப் பிள்ளைகள் மரியாதையோடு பார்ப்பார்கள். அதுவும் பாடம்தான்.

உஷார்... இதெல்லாம் வேண்டாம்!

* கம்பெனி ஸ்கிராப்: "சும்மா கிடக்குதே" என்று தகரத் துண்டு, இரும்புச் சுருள், பெயர் தெரியாத டப்பா, கெமிக்கல் வந்த சாக்கு எதையும் குழந்தைக்குக் கொண்டு வராதீர்கள். சுத்தமான அட்டை, மரத்துண்டு, துணி போதும்.

* ஈயம்: பேட்டரி, ஈயம் உருக்கும் வேலையில் இருப்பவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கணும். உடுப்பிலும் தலைமுடியிலும் ஒட்டி வரும் தூசியே குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு ஈயம்வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முடிந்தால் வேலை இடத்திலேயே குளித்து, உடை மாற்றிவிட்டு வாருங்கள். பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

* பட்டன் பேட்டரி, சின்னக் காந்தம்: விழுங்கினால் விபரீதம். பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

* கத்தரிக்கோல்: முனை மழுங்கியதாக இருக்கட்டும். இடது கைப் பழக்கமுள்ள குழந்தையை வலது கையில் வெட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

* பசை: மைதாப் பசை போதும். நெடி அடிக்கிற பசையும், நொடியில் ஒட்டும் பசையும் வேண்டாம்.

* கடலை, மணி: மூன்று வயசுக்கு உட்பட்ட தம்பி, தங்கை பக்கத்தில் இருந்தால் கைக்கு எட்டாமல் வையுங்கள். தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

* சின்ன வெட்டுக்காயம்: ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காப்பிப்பொடியும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். துருப்பிடித்த கம்பி குத்தினால், தடுப்பூசி அட்டையோடு டாக்டரிடம் போங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்களேன். டி.வி.யையும் செல்போனையும் ஒரு மணி நேரம் ஓரம் கட்டுங்கள். ஒரு பழைய அட்டைப் பெட்டியில் நூல், ஈர்க்குச்சி, துணித்துண்டு, பாட்டில் மூடி எல்லாம் போட்டு, "இது உன் பட்டறை" என்று கொடுத்துவிடுங்கள். வீடு கொஞ்சம் குப்பையாகும்தான். சாயங்காலம் பெருக்க வேண்டியதும் அந்தக் குட்டி என்ஜினீயரின் வேலைதான் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்து வரும் அப்பா களைப்பாகத்தான் இருப்பார். ஆனாலும் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க கம்பெனியில இன்னிக்கு என்ன செஞ்சோம் தெரியுமா?" என்று அவர் சொல்ல ஆரம்பித்தால், கண் கொட்டாமல் கேட்க வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறது!